வாசகர் கேள்வி–பதில்: முதுமையில் உடல்நலக் காரணம் காட்டி கவுன்சில் வீடு கேட்பது

கடந்த சில மாதங்களாக வரும் கடிதங்களில் பல, வயதான காலத்தில் இருக்கும் வீடு உடம்புக்கு ஒத்துவராமல் போவதைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுள் ஐந்தை எடுத்து இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். கவுன்சில் என்று இங்கே சொல்வது உள்ளூராட்சிச் சபையை. இங்கே சொல்லப்படும் சட்டமும் விதிகளும் இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் நடைமுறை வேறு.

கேள்வி: எனக்கு வயது 72, கணவருக்கு 76. லண்டனில் ஒரு கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். லிஃப்ட் இல்லை. எனக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு, அத்துடன் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உண்டு. கணவருக்கு இதயம் பலவீனம். மருத்துவக் காரணம் காட்டி கவுன்சிலிடம் வீடு கேட்டோம். வைத்தியரின் கடிதமும் மருந்துப் பட்டியலும் கொடுத்தோம். ‘மருத்துவ முன்னுரிமை வழங்க முடியாது’ என்று ஒரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. இத்தனை நோய் இருந்தும் ஏன் மறுத்தார்கள்? இனி என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் நான்கு நோய்களின் பெயர்கள் இருக்கின்றன, வீட்டைப் பற்றி இருப்பதோ ‘இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை’ என்பது மட்டும்தான். கவுன்சிலுக்குக் கொடுத்த படிவத்தையும் இதே முறையில் நிரப்பியிருந்தால், மறுப்புக்கான காரணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் ஆறாம் பகுதி, சமூக வீடுகளை, அதாவது கவுன்சிலும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்குத் தரும் வீடுகளை, யாருக்கு ஒதுக்குவது என்பதைப் பற்றியது. உடல்நலம் அல்லது நல்வாழ்வு காரணமாக, உடற்குறைபாடு உட்பட, வீடு மாற வேண்டிய தேவை உள்ளவர்களுக்குக் கவுன்சில் நியாயமான முன்னுரிமை தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. ‘வீடு மாற வேண்டிய தேவை’ என்ற சொற்களைக் கவனியுங்கள். நோய் எவ்வளவு கடுமையானது என்பது மட்டும் அங்கே கேள்வியல்ல. இப்போதைய வீடு அந்த நோயை எப்படி மோசமாக்குகிறது, அல்லது அந்த நோயோடு அந்த வீட்டில் அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்த முடியாமல் போகிறது, வேறொரு வீட்டுக்குப் போனால் எது மாறும் என்பவையே கேள்விகள். கடுமையான நோயுள்ள ஒருவர் தரைத்தள வீட்டில் வசதியாக இருந்தால் அவருக்கு மருத்துவ முன்னுரிமை கிடைக்காமல் போகலாம். அவரைவிட நோய் குறைந்த ஒருவர் நாற்பது படிகளுக்கு மேலே அடைபட்டுக் கிடந்தால் அவருக்குக் கிடைக்கலாம். இது அநியாயம்போலத் தோன்றும், ஆனால் விதி கேட்பது அதைத்தான். பல கவுன்சில்கள் தம்மிடமுள்ள அல்லது வெளியிலிருந்து அமர்த்திய ஒரு மருத்துவ ஆலோசகரிடம் தாள்களை அனுப்பிக் கருத்துக் கேட்கின்றன. அவர் பெரும்பாலும் உங்களை நேரில் பார்ப்பதில்லை. தாளில் இல்லாதது அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

ஆகவே படிகளைப் பற்றி எழுதுங்கள். வீதியிலிருந்து உங்கள் கதவு வரை எத்தனை படிகள்? கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா? உங்கள் கணவர் எத்தனையாவது படியில் மூச்சு வாங்க நிற்கிறார்? முதல் மாடித் திருப்பத்தில் அவர் உட்காருவதற்காக ஒரு கதிரை போட்டிருந்தால், அந்தக் கதிரையை எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து இணையுங்கள். படி இறங்கப் பயந்து தவறவிட்ட வைத்தியசாலைச் சந்திப்புகளின் தேதிகள், விழுந்த நாள், விழுந்தபின் யார் வந்து தூக்கினார்கள், வாரத்தில் எத்தனை நாள் வெளியே போக முடிகிறது, குளிப்பதற்குத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்க முடிகிறதா, அல்லது வாளியில் நீர் எடுத்து உடம்பைத் துடைத்துக்கொள்வதோடு சரியா, இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, மலசலகூடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்பவை யாவும் அங்கே இடம்பெற வேண்டும்.

கடைசியாகச் சொன்னவற்றைத்தான் நம் பெரியவர்கள் எழுதுவதில்லை. அந்நியர் ஒருவர் படிக்கும் தாளில் மலசலகூடத்தைப் பற்றி எழுதுவது மானக்கேடு என்று நினைக்கிறோம். வீட்டுக்கு வரும் அதிகாரி ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டால், வலியைக் காட்டாமல் எழுந்து நின்று, தேநீர் கொடுத்து, ‘ஏதோ சமாளிக்கிறோம்’ என்று சொல்கிறோம். அவர் தம் குறிப்பில் ‘சமாளிக்கிறார்’ என்றே எழுதுவார், விண்ணப்பமும் அங்கேயே பலவீனமாகிவிடும். உங்கள் மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போதும் இதே நடக்கிறது. பெற்றோர் தனிமையில் படும் கஷ்டம் பிள்ளைகளுக்கு முழுவதும் தெரிவதில்லை, தெரிந்தாலும் அவர்கள் அதைச் சொல்லக் கூசுகிறார்கள். கவுன்சிலிடம் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். படிவத்தை நிரப்ப உதவி தேவையென்றால் அதையும் கேளுங்கள். உடற்குறைபாடு காரணமாக அந்த உதவி தேவைப்பட்டால், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் நியாயமான ஏற்பாடுகளைச் செய்யும் கடமையைக் கவுன்சிலுக்கு விதிக்கிறது. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை அம்மா. அதே சமயம் உள்ளதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது, மேலே சொன்ன 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். நல்ல நாளை விட்டுவிட்டுக் கெட்ட நாளை மட்டும் எழுதுவதும் சரியல்ல. ‘வாரத்தில் நான்கு நாள் இப்படி, மூன்று நாள் இப்படி’ என்று எழுதினால் படிப்பவருக்கு நம்பிக்கை வரும்.

அடுத்தது சான்றுகள். குடும்ப வைத்தியரின் கடிதத்துக்குப் பல இடங்களில் கட்டணம் கேட்பார்கள்; கவுன்சில் கேட்காத கடிதத்துக்குப் பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம். ‘இவருக்கு மூட்டுத் தேய்வு உண்டு, உதவி செய்யுங்கள்’ என்று இரண்டு வரியில் வரும் கடிதத்தால் பயன் மிகக் குறைவு. வைத்தியசாலை நிபுணர்கள் உங்கள் வைத்தியருக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், பிசியோதெரப்பி குறிப்புகள், விழுந்து அவசரப் பிரிவுக்குப் போயிருந்தால் அங்கே கொடுத்த தாள் ஆகியவை அதைவிட நன்றாகப் பேசும்.

இவை எல்லாவற்றையும்விடப் பலம் வாய்ந்தது ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை மதிப்பிடும் நிபுணர், எழுதும் அறிக்கை. அவர் வீட்டுக்கே வந்து, படியின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் அளந்து, நீங்கள் கட்டிலிலிருந்து எழுவதையும் கழிப்பறை இருக்கையில் உட்காருவதையும் பார்த்து எழுதுகிறார். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, பராமரிப்புத் தேவை இருப்பதாகத் தோன்றும் எந்த வயதுவந்தவருக்கும், அவருடைய வருமானத்தைப் பார்க்காமல், கவுன்சில் இலவசமாகத் தேவை மதிப்பீடு செய்ய வேண்டும். கவுன்சிலின் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசி, ‘எனக்கும் கணவருக்கும் தேவை மதிப்பீடு வேண்டும், ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட் வர வேண்டும்’ என்று கேளுங்கள். வீட்டுப் பிரிவும் பராமரிப்புப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருந்தாலும் ஒன்றிடம் இருக்கும் தாள் மற்றதற்குத் தானாகப் போவதில்லை. அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, நீங்களே வீட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

இனி அந்த மறுப்புக் கடிதம். அதைக் கிழித்துப் போடாதீர்கள். உங்கள் விண்ணப்பத்தில் எந்த உண்மைகளைக் கணக்கில் எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளவும், அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கவும், அதன் முடிவைக் காரணங்களோடு பெறவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே பாருங்கள். 21 நாள் என்று வைத்திருக்கும் கவுன்சில்கள் பல. சான்றுகள் எல்லாம் சேரும்வரை காத்திருந்து அந்த நாளைத் தவறவிட வேண்டாம். ‘மறுபரிசீலனை கேட்கிறேன், ஒக்குபேஷனல் தெரப்பிஸ்டின் அறிக்கை பின்னால் வரும்’ என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம். ஒவ்வொரு கவுன்சிலும் தன் ஒதுக்கீட்டுத் திட்டத்தின் சுருக்கத்தைக் கேட்பவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கி, மருத்துவ முன்னுரிமைக்கு அங்கே என்ன அளவுகோல் எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்தச் சொற்களுக்கே பதில் சொல்லும்படி உங்கள் கடிதத்தை எழுதுங்கள். ஒரு வீட்டில் இருவருக்கு நோய் என்றால், இருவருக்கும் தனித்தனியாக மருத்துவப் படிவம் கொடுங்கள். உங்கள் கணவரின் இதயமும் உங்கள் முழங்காலும் ஒரே பெட்டிக்குள் எழுதப்பட்டால், இரண்டுமே அரைகுறையாகத்தான் தெரியும்.

மறுபரிசீலனையிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறையை முடித்துவிட்டு, உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம், அதாவது இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அதிகாரியிடம், இலவசமாக முறையிடலாம். பொதுவாகப் பிரச்சினை தெரியவந்து 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும். கவுன்சில் முறைப்படி நடந்ததா, கொடுத்த சான்றுகளைப் பார்த்ததா என்பதையே அவர் ஆராய்வார். முடிவு சட்டத்துக்கே முரணானது என்றால் நீதிமன்ற மீளாய்வு உண்டு, ஆனால் அதற்குக் காலம் மிகக் குறைவு, தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குள் தொடங்க வேண்டும். அதற்கு முன் ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே ஆகிய அமைப்புகளில் ஒன்றிடம் ஆலோசனை கேளுங்கள். மூன்றும் இலவசமாக ஆலோசனை தருகின்றன.

முன்னுரிமை கிடைத்துவிட்டால் மறுநாளே வீடு வரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னுரிமை என்பது வரிசையில் முன்னே போவது மட்டும்தான். பெரும்பாலான இடங்களில் வாரந்தோறும் காலியாகும் வீடுகளை இணையத்தில் போடுகிறார்கள், அவற்றுக்கு நீங்கள் ‘பிட்’ செய்ய வேண்டும், அதாவது இந்த வீடு வேண்டும் என்று விருப்பத்தைப் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட காலம் பிட் செய்யாமல் இருந்தால் முன்னுரிமையைத் திரும்ப எடுக்கும் கவுன்சில்களும் உண்டு. இணையம் தெரியாதவர்கள் உதவியோடு பிட் செய்யும் ஏற்பாட்டைக் கேட்கலாம்.

கேள்வி: அம்மாவை இரண்டு வருடங்களுக்கு முன் நானே பொறுப்பேற்று, வயதுவந்த சார்ந்திருக்கும் உறவினர் விசாவில் கூப்பிட்டேன். அவருக்கு நிரந்தர வதிவிட அனுமதி உண்டு. வயது 74. பக்கவாதம் வந்தபின் எங்கள் வீட்டு மாடிக்கு ஏற முடியவில்லை. அவர் பெயரில் கவுன்சில் வீடு கேட்கலாமா?

பதில்: இப்போதைக்கு முடியாது. நிரந்தர அனுமதி இருந்தாலும், அவரைப் பராமரிப்பேன் என்று நீங்கள் எழுத்தில் உறுதிமொழி கொடுத்து அழைத்திருப்பதால், அவர் நாட்டுக்கு வந்த நாள் அல்லது உறுதிமொழி கொடுத்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஐந்து வருடங்கள் முடியும்வரை சமூக வீட்டு ஒதுக்கீட்டுக்கு அவர் தகுதி பெறமாட்டார். உறுதிமொழி கொடுத்தவர் அதற்குள் இறந்துபோனால் மட்டும் இந்தத் தடை விலகும். தகுதி இல்லாதபோது விண்ணப்பித்துப் பார்ப்பதில் பயனில்லை; பொது நிதி (அரச உதவிகள்) தொடர்பான எதைக் கேட்பதற்கு முன்னும் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.

ஆனால் அதற்காக அம்மா மூன்று வருடம் கீழ்த்தளத்துச் சோபாவில் படுக்க வேண்டும் என்றில்லை. வீட்டு ஒதுக்கீட்டுக்கான இந்தத் தடை தேவை மதிப்பீட்டைக் கேட்பதைத் தடுப்பதில்லை. பக்கவாதத்துக்குப் பின் வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது ஒக்குபேஷனல் தெரப்பிஸ்ட் பார்த்திருந்தால், அவருடைய பரிந்துரைகளைத் தேடி எடுத்து, கைப்பிடிகள், கமோட் கதிரை, கட்டில் உயர்த்தி போன்றவற்றை முதலில் கேளுங்கள்.

கேள்வி: மனைவி இறந்தபின் மூன்று அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது 78. வீடு என் சொந்தப் பெயரில், கடன் அடைத்து முடித்தாயிற்று. பார்க்கின்சன் நோய் காரணமாக மாடிக்கு ஏறுவது ஆபத்தாகிவிட்டது. குளியலறை மாடியில்தான் இருக்கிறது. சொந்த வீடு உள்ளவருக்குக் கவுன்சில் வீடு தருமா?

பதில்: ஐயா, சொந்த வீடோ குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேமிப்போ உள்ளவர்களைப் பெரும்பாலான கவுன்சில்கள் வீடு கேட்போரின் பொதுப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை, அல்லது வரிசையின் அடியில் வைக்கின்றன. ஆனால் முதியோருக்கான ஷெல்டர்ட் வீடுகளுக்குச் சில கவுன்சில்கள் இந்த விதியைத் தளர்த்துகின்றன. உங்கள் கவுன்சிலின் திட்டத்தில் அந்தப் பகுதியைத் தனியே தேடிப் பாருங்கள்.

உங்கள் நிலையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு வழி. உடற்குறைபாடு உள்ளவர்களுக்கு வீட்டைத் திருத்திக்கொள்ளக் கவுன்சில் கட்டாயமாகத் தர வேண்டிய ஒரு மானியம் இருக்கிறது. டிசேபிள்ட் ஃபசிலிட்டீஸ் கிராண்ட் என்று கேளுங்கள். இங்கிலாந்தில் அதன் உச்ச அளவு 30,000 பவுண்டு. கீழ்த்தளத்தில் குளியலறை கட்ட, படிகளில் ஸ்டெயர் லிஃப்ட் பொருத்த, தொட்டியை எடுத்துவிட்டுத் தரைமட்டத்தில் ஷவர் வைக்க அது உதவும். உங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்தே எவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். வசிக்கும் வீட்டின் மதிப்பை அதில் சேர்க்கமாட்டார்கள். முழு விண்ணப்பம் கொடுத்து ஆறு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மானியம் வருவதற்கு முன் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள், தொடங்கினால் மானியம் கிடைக்காமல் போகலாம். சொந்த வீடு என்பதால், 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட மானியத்தில் ஒரு பகுதியை, அதிகபட்சம் 10,000 பவுண்டுவரை, பத்து வருடங்களுக்குள் வீட்டை விற்றால் திரும்பக் கேட்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

கைப்பிடி போடுவது போன்ற, 1,000 பவுண்டுக்குள் முடியும் சிறு மாற்றங்கள் தேவை மதிப்பீட்டில் அவசியம் என்று கண்டால் இலவசமாகவே செய்யப்பட வேண்டும். அவற்றுக்கு இந்த மானியம் தேவையில்லை.

கேள்வி: பிள்ளைகள் போய்விட்டார்கள். மூன்று படுக்கையறைக் கவுன்சில் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். இருவருக்கும் 69 வயது. மனைவிக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருக்கிறார்கள். தரைத்தள வீட்டுக்கு மாற விரும்புகிறோம். ‘பெட்ரூம் டாக்ஸ்’ வரும் என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயத்தை விடுங்கள், நீங்கள் இருவரும் அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள், தேவைக்கு மேல் படுக்கையறை இருந்தால் வாடகைக்கான அரச உதவியில் செய்யும் அந்தக் குறைப்பு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கையில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன: மனைவியின் உடல்நிலை ஒன்று, குடும்பங்களுக்குத் தேவைப்படும் பெரிய வீட்டைத் திருப்பித் தருவது மற்றொன்று. இரண்டாவதற்கு மட்டுமே உயர்ந்த பேண்ட், அதாவது உயர்ந்த முன்னுரிமைப் படி, தரும் கவுன்சில்கள் உண்டு, இடம்மாறும் செலவுக்குப் பணம் தருபவையும் உண்டு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சொல்லுங்கள்.

மாறுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இப்போதுள்ள வாடகை உரிமை போலவே வாழ்நாள் உரிமை புதிய வீட்டிலும் தொடருமா? வாடகை எந்த வகை? ‘அஃபோர்டபிள் ரென்ட்’ என்ற வகை சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம், அப்போது சின்ன வீட்டுக்குப் பெரிய வீட்டைவிட அதிகம் கட்ட நேரிடும்.

கேள்வி: கவுன்சில் எனக்கு ‘ஷெல்டர்ட் ஹவுசிங்’ தருவதாகச் சொல்கிறது. அது முதியோர் இல்லம்தானே? மகள்மார் அழுகிறார்கள். வயது 75, தனியாக இருக்கிறேன்.

பதில்: இல்லை அம்மா. முதியோர் இல்லத்தில் உங்களுக்கென்று இருப்பது ஓர் அறை. ஷெல்டர்ட் வீட்டில் உங்கள் சொந்தக் கதவு, சொந்தச் சமையலறை, உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம். உங்கள் சாமி படத்தையும் அரைக்கும் மிக்ஸியையும் கொண்டுபோகலாம், மகள்மார் வந்துபோகலாம். பொதுவாக 55 அல்லது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் தரப்படுவதால், பொதுவான வீடுகளைவிடக் காத்திருப்பும் பல இடங்களில் குறைவு. உடம்பு மேலும் தளர்ந்து, குளிக்கவும் உடுக்கவும் ஆள் தேவைப்படும்போது ‘எக்ஸ்ட்ரா கேர்’ என்ற வகை இருக்கிறது. அங்கே பராமரிப்பு ஊழியர்கள் அந்தக் கட்டடத்திலேயே இருப்பார்கள்.

போய்ப் பார்க்காமல் சம்மதிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். காரணமின்றி மறுத்தால் முன்னுரிமையை இழக்க நேரலாம். பார்க்கப் போகும்போது லிஃப்ட் பழுதானால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். வாடகைக்கு மேல் வரும் சேவைக் கட்டணத்தை வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாடகைக்கான அரச உதவியாகிய ஹவுசிங் பெனிஃபிட் அதில் சிலவற்றை மட்டுமே ஏற்கும், உங்கள் வீட்டுக்குள்ளான சூடாக்கும் செலவையும் தனிப்பட்ட ஆதரவுக்கான கட்டணத்தையும் ஏற்காது. அறைகளில் ஓர் அவசர அழைப்புக் கயிறு தொங்கும். கூட்டும்போது இடைஞ்சல் என்று பலர் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார்கள். அது தரைவரை தொங்கினால்தான், விழுந்து கிடக்கும்போது கைக்கு எட்டும். குடிபோகும் நாளிலேயே ஒவ்வொரு அறையிலும் அதை இழுத்துப் பார்த்து, மறுமுனையில் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.